கிளாட்சன் வைத்த பட்டன்

கிளாட்சனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வராது. ஆனால் மன்னார்குடியில் அவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நல்லதாகவே பேசுகிறார்கள். "நம்ம பி.டி. மாஸ்டர் மகன், சொந்தமா சாப்ட்வேர் எழுதி சிங்கப்பூர் போனவன்" என்று அவன் தெருவில் இன்றைக்கும் பெருமை. அவன் அந்த சாப்ட்வேரை எழுதிய இருபத்தாறு நாளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் கொஞ்சம் உண்மையும் பதிவாகட்டும்.

அவர்கள் லுத்தரன், நாங்கள் ஆர்.சி. அவன் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தில் விசில் தொங்கும். மகனை ஓட வைத்துப் பார்த்தார், ஓடவில்லை. படிக்க வைத்தார், பி.காமில் மூன்று அரியர். பிறகு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தான், கேபிள் ஒயர் இழுத்தான், தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினை வீடு வீடாகக் கொண்டுபோய் ஒன்றைக்கூட விற்காமல் திரும்பினான். எதிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. தொண்ணூற்றெட்டில் சென்னைக்குப் போய் நாற்பது நாள் இருந்துவிட்டு ஒரு டையோடு வந்து இறங்கினான். அந்த டையைப் பார்த்துத்தான் ஜெயபால் சார் தன் கம்ப்யூட்டர் சென்டரில் அவனுக்கு வேலை கொடுத்தார்.

சென்டர் ஹரித்ராநதிக் கரையில் மாடியில் இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆறு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் ஜெயபால் சார் மனைவி பூப்போட்ட துணியில் தைத்த உறை. நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டுக் காலையில் எக்செல், மத்தியானம் டைப்பிங் என்று சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். கிளாட்சன் வந்ததும் அவனுக்கு 'சீனியர் ஃபேகல்டி' என்று அட்டை அடித்து மாட்டினார்கள். எனக்கு அட்டை கிடையாது. நான் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவனுக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்றுதான். திரையில் ஒரு காலிப் படிவம் வரும். ஒரு பட்டனை இழுத்து வந்து அதன் மேல் போட வேண்டும். பட்டனை இரண்டு தரம் தட்டினால் எழுதுவதற்கு இடம் திறக்கும். அங்கே ஒரு வரி எழுதி ஓடவிட்டால், பட்டனை அமுக்கியதும் 'வணக்கம்' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். இதைச் செய்துகாட்டிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்ப்பான், கைதட்டலுக்கு. பையன்களும் தட்டுவார்கள். மறுநாளும் அதே பட்டன், அதே வணக்கம். இரண்டாவது பாடம் எப்போது என்று கேட்டவனைப் பார்த்து "பேஸிக் ஸ்ட்ராங்கா இருக்கணும் தம்பி" என்றான்.

அந்த வருஷம் ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவன் எல்லாம் வெளிநாடு போகிறான் என்று பேப்பரில் வந்துவிட்டது, பிறகு யாரைப் பிடித்து நிறுத்த முடியும்? தஞ்சாவூரில் ஜெய்னுலாபுதீன் என்று ஒரு ஏஜென்ட் இருந்தார். சிங்கப்பூர் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறவர், நேர்மையானவர் என்று பேர். அவர் சான்றிதழ்களை மதிப்பதில்லை. "நீங்க செஞ்ச ஒரு சாப்ட்வேர் ஏதாவது ஆபீஸ்ல ஓடணும். ஓடுதுன்னு அந்த ஆபீஸ் லெட்டர்பேடுல எழுதி, சீல் வெச்சுக் கொண்டாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்பார். கிளாட்சனுக்கு அந்தக் கடிதம் வேண்டும். எனக்கும் வேண்டும். என் விஷயம் யாருக்கும் தெரியாது. பெண்பிள்ளை போகிறேன் என்றால் ஊரே சிரிக்கும் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

கடிதம் கொடுக்கக்கூடிய ஆபீஸ் ஒன்று தானாக வந்து சேர்ந்தது. தஞ்சாவூர் சாலையில் ஒரு கூட்டுறவுச் சங்கம், பேர் எதற்கு? அதன் செயலாளர் வீரையன் ஜெயபால் சாருக்குச் சிநேகிதர். சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து எட்டு மாதமாக உறை போட்டு, பொட்டு வைத்து, பூட்டிய அறையில் இருந்தது. சம்பாவுக்கு விதைநெல் வரப்போகிறது. ஏக்கருக்கு முப்பது கிலோ. முந்நூற்றுப் பத்து உறுப்பினர்களுக்கு யார் யாருக்கு எத்தனை கிலோ என்று கணக்குப் போட வேண்டும். கம்ப்யூட்டரை ஏன் சும்மா வைத்திருக்கிறாய் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். இதையே அதில் போட்டுவிட முடியுமா என்று வீரையன் கேட்டார். "சார், அது ஒரு அப்ளிகேஷன் டெவலப் பண்ணணும்" என்றான் கிளாட்சன், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. என்னவோ அணை கட்டப்போகிற தோரணை!

அன்று சாயந்திரம் அவனிடம் போய் வலியக் கேட்டேன். "கணக்குப் பகுதியை நான் எழுதறேன். கடிதத்துல ரெண்டு பேர் பேரும் வரட்டும்."

அவன் சிரித்தான். "மேடம், உங்களுக்கு எதுக்கு இந்த டென்ஷன்? நீங்க எக்செல் பாருங்க. லேடீஸ் பேரு வந்தா ஏஜென்ட் குழம்பிடுவாரு. லாஜிக் எல்லாம் என்கிட்ட விட்டுடுங்க."

லாஜிக்காம். அரியர் மூன்று வைத்திருக்கிறவன், அதிலும் ஒன்று புள்ளியியலில். அந்த நிமிஷத்திலிருந்து அவன் எப்போது விழுவான் என்று நான் காத்திருக்க ஆரம்பித்தேன். அவனைப் பார்த்தாலே எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

இருபத்தாறு நாள் உழைத்தான். முதல் பதினொரு நாள் படிவத்துக்கு நிறம் தேடினான். பச்சை வைத்தான், வயல் நிறம் என்றான். பிறகு ராசியில்லை என்று ரோஜா நிறத்துக்கு வந்தான். மேலே சங்கத்தின் பேர் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அடுத்த ஐந்து நாள். ஓடியது, ஆனால் வலது ஓரத்தில் போய் மறைந்தால் திரும்பி வரவில்லை. அதைத் திரும்பக் கூட்டி வர இரண்டு நாள். ஒவ்வொரு தடவை ஓடவிடுவதற்கு முன்னும் கம்ப்யூட்டர் பெட்டி மேல் கையை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் செய்வான். ஜெபத்தை நான் கேலி செய்யவில்லை, நானும் மாதாவிடம் கேட்கிறவள்தான். ஆனால் மாதா வந்து கமா போடுவாள் என்று எதிர்பார்த்ததில்லை.

கடைசியில் கணக்குக்கு வந்தான். அவனிடம் ஒரு ஜெராக்ஸ் புத்தகம் இருந்தது, முதல் மூன்று பாடம் மட்டும். இரண்டாவது பாடத்தில் ஒரு எழுதும் கட்டம், ஒரு பட்டன், கீழே விடை. கட்டத்தில் சென்டிகிரேடு அடித்துப் பட்டனைத் தட்டினால் பாரன்ஹீட் வரும். அதை அப்படியே எடுத்து, வெப்பம் இருந்த இடத்தில் ஏக்கரைப் போட்டு, பெருக்கும் எண்ணை முப்பது ஆக்கினான். பட்டனைத் தட்டினான். ஒரு ஏக்கருக்கு அறுபத்திரண்டு கிலோ வந்தது. இரண்டு ஏக்கருக்குத் தொண்ணூற்றிரண்டு. அரைநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாரன்ஹீட்டுக்குக் கூட்ட வேண்டிய முப்பத்திரண்டு அங்கேயே கிடந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த முப்பத்திரண்டை எடுங்க, வயலுக்குக் காய்ச்சல் இல்ல" என்றேன். எடுத்தான். நன்றி சொல்லவில்லை. "அதைத்தான் நானும் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான்.

மூன்றாவது பாடத்திலிருந்து ஒரு கூட்டுத்தொகைக் கட்டத்தையும் எடுத்து ஒட்டினான். அடிக்க அடிக்க மொத்தம் எத்தனை கிலோ ஆயிற்று என்று அது காட்டிக்கொண்டே வரும். அதோடு அப்ளிகேஷன் முடிந்தது. ஜன்னலின் தலைப்பில் 'ஃபார்ம்1' என்று தானாக வந்த பேர் கடைசிவரை மாறவே இல்லை. நிறத்துக்குப் பதினொரு நாள் செலவழித்தவனுக்குத் தலைப்பு கண்ணில் படவில்லை.

ஆடிக் கடைசியில் சங்கத்தில் காட்டப் போனோம். சென்டர் சார்பில் ஒரு ஆள் கூட இருக்கட்டும் என்று ஜெயபால் சார் என்னை அனுப்பினார். கம்ப்யூட்டருக்குச் சாமந்திப்பூ மாலை போட்டிருந்தார்கள். கிளாட்சன் டை கட்டியிருந்தான். விதை எப்போது வரும் என்று கேட்க வந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். வீரையன் தன் நிலத்தையே முதலில் போடச் சொன்னார், ஐந்து ஏக்கர். பட்டனைத் தட்டியதும் நூற்றைம்பது வந்தது. அது அவருக்கு மனப்பாடமான கணக்கு. "ஆகா, சரியா சொல்லுதுப்பா!" என்று எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்து உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து வைத்தார்கள். அதில் நிலம் எப்படி எழுதியிருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏக்கர், ஒரு சின்னக் கோடு, சென்ட். இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் என்றால் 2-40. குத்தகைச் சீட்டிலிருந்து வாய்க்கால் முறை எழுதும் நோட்டு வரைக்கும் ஊரில் எல்லாம் அப்படித்தான். புள்ளி வைத்து யாரும் எழுதுவதில்லை. கிளாட்சன் பார்த்ததை அப்படியே அடித்தான், 2-40. விடை அறுபது என்று வந்தது.

அறுபது அல்ல, எழுபத்திரண்டு வர வேண்டும். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவன் போட்டிருந்த கட்டளை இடப்பக்கமிருந்து எண்ணைப் படித்துக்கொண்டு வரும். எண் அல்லாத எதையாவது கண்டால் அங்கேயே நின்றுவிடும். கோட்டைக் கண்டதும் நின்றுவிட்டது. இரண்டு ஏக்கரை எடுத்துக்கொண்டது, நாற்பது சென்டைத் தள்ளிவிட்டது. அடுத்தது 3-75. தொண்ணூறு வந்தது. யாரும் சரிபார்க்கவில்லை. கிளார்க் படித்தார், இவன் அடித்தான், வீரையன் தலையாட்டினார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நாலு வரியில் அங்கேயே திருத்தியிருக்கலாம். நான் சொல்லவில்லை. முப்பத்திரண்டைச் சொன்னேனே, என்ன மரியாதை கிடைத்தது? இவனே மாட்டிக்கொள்ளட்டும், இந்தக் கூட்டத்துக்கு முன்னால் டையோடு நின்று திருதிருவென்று விழிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு பேர், மூன்று பேர், யாராவது ஒரு விவசாயி தன் கணக்கைச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அதற்குள் காபி வந்துவிட்டது. வீரையன் டைப் அடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "தம்பிக்கு என்ன லெட்டர் வேணுமோ அதை அடிச்சுக் குடும்மா" என்றார். பத்து நிமிஷத்தில் சீல் விழுந்தது. பஸ்ஸில் திரும்பும்போது கிளாட்சன் அந்தக் கடிதத்தை மூன்று முறை எடுத்துப் படித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் சென்டருக்குச் சரியாக வரவில்லை. மெடிக்கல், விசா, பெட்டி வாங்குவது என்று சுற்றினான். சங்கத்திலிருந்து புகார் எதுவும் வரவில்லை. ஒரு வேளை அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். போய்க் கேட்கலாமே என்று தோன்றாமல் இல்லை. போகவில்லை.

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். ஒரு அம்மா படியேறி வந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும், வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு நின்றார். பேர் நாகம்மாள். அன்றைக்கு ஜன்னலில் நின்றவர்களில் ஒருவர்.

"டீச்சரம்மா, நீங்களும் அன்னிக்கு உட்கார்ந்திருந்தீங்களே, அதான் வந்தேன். வருஷா வருஷம் எனக்கு இருபத்துநாலு கிலோ விதை குடுப்பாங்க. இந்தத் தடவை இல்லைன்னுட்டாங்க. கம்ப்யூட்டர்லயே இல்லையாம்."

"எவ்வளவு நிலம்மா உங்களுக்கு?"

"எண்பது சென்ட்."

சீட்டைப் பார்த்தேன். 0-80 என்று எழுதி, எதிரே 0 என்று போட்டிருந்தது.

மறுநாள் காலை சங்கத்துக்குப் போனேன். ஒரு ஏக்கருக்குக் கீழே நிலம் இருந்த நாற்பத்து மூன்று பேருக்கும் அதே பூஜ்யம். மிச்சப் பேரை அடிக்கும்போதே கிளார்க் அதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அதற்குத் தான் என்ன சொன்னார் என்று வீரையனே என்னிடம் விளக்கினார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"ஒரு ஏக்கருக்குக் கீழ இருக்கறவங்களுக்குக் கிடையாதுன்னு புது ரூல் போலிருக்கு, கம்ப்யூட்டர்லயே போட்டுட்டாங்கன்னு நெனச்சேம்மா. நம்ம கைல என்ன இருக்கு?"

"மத்தவங்களுக்கும் சென்ட் கணக்கு விட்டுப் போயிருக்கே சார், அந்த விதை எல்லாம் குடோன்ல மீதி இருக்கணுமே?"

"மொத்தத்துல மீதி காட்டுச்சு. பெரிய பண்ணைக்காரங்க நாலு பேர் கேட்டாங்க, குடுத்தாச்சு. அவங்கெல்லாம் இல்லாட்டி சங்கம் நடக்குமா?"

இப்படி ஒரு மனுஷர். பத்து வருஷமாக நாகம்மாளுக்கு இருபத்துநாலு கிலோ அளந்து கொடுத்தவர், தன் கண்ணை நம்பாமல் ரோஜா நிறக் கட்டத்தை நம்பினார். அவர் முகத்தில் நாலு வார்த்தை வீசலாம் என்று வாய் வரை வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏக்கர், அந்தப் பக்கம் சென்ட் என்று பிரித்துக் கூட்டும்படி நாலு வரி எழுதினேன். 0-80 அடித்தேன், இருபத்துநாலு வந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. குடோனில் விதை இல்லை. அடுத்த லோடு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஏம்மா, இவ்வளவு கெட்டிக்காரியா இருக்கியே! உனக்கும் ஒரு லெட்டர் தரேன் இரு" என்று வீரையன் உள்ளே போனார்.

நாகம்மாளும் வந்து சங்கத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், தப்பு எங்கே நடந்தது என்று. அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தத் தம்பிக்குப் புரியாம போயிருக்கும், பாவம். சின்ன வயசு" என்றார். "நீங்க அன்னிக்கே கவனிச்சிருந்தா சொல்லியிருப்பீங்க, இல்ல டீச்சரம்மா?"

"சொல்லியிருப்பேம்மா" என்றேன்.

வீரையன் கடிதத்தோடு வந்தார். நான் அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கிளாட்சன் ஆவணிக் கடைசியில் விமானம் ஏறினான். அங்கே அவனை எந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு எண் ஒட்டுகிற வேலை கிடைத்தது; இருபது வருஷத்துக்கு மேல் அதில்தான் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வரும்போது தெருப்பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்து "ப்ரோக்ராமிங் ஃபீல்டு" என்று சொல்வான். அவன் செய்த ஒரே சாப்ட்வேர் யாரைப் பட்டினி போட்டது என்று அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தெரியாதவனை எவ்வளவு தூரம் திட்டுவது? திட்டித் திட்டிப் பார்க்கிறேன், ஒரு இடத்துக்கு மேல் போக மாட்டேன் என்கிறது.

நாகம்மாள் அங்கே இங்கே கேட்டு, மற்றவர்கள் நட்டது போக மிஞ்சிய நாற்றை வாங்கி ஐப்பசியில் நட்டார். வேர் பிடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் ஒரு நாள் நான் தஞ்சாவூர் பஸ்ஸில் போனபோது சங்கத்தைத் தாண்டியதும் அந்த எண்பது சென்டைப் பார்த்தேன். பக்கத்து வயல்களில் பயிர் தலை தூக்கி நின்றது. அவர் வயலில் தண்ணீர் மட்டும் நின்றது. வரப்பில் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸைப் பார்த்து நிமிர்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜெய்னுலாபுதீன் பாய் என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்தவர் செஞ்ச தப்பை நீங்களா கண்டுபிடிச்சு, நீங்களே போய்த் திருத்திக் குடுத்திருக்கீங்கன்னு எழுதியிருக்காங்கம்மா. எனக்கு வேண்டியது இந்த மாதிரி பொறுப்பான ஆள்தான். பாஸ்போர்ட் இருக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.